பரிசு வாங்கிய வண்டியும் ஒரு நிலைக்கண்ணாடியும்

அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூக்கின்மேல் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய கண்ணாடிக் கடையிலிருந்து சன்னல் கண்ணாடி, நிலைக்கண்ணாடி, கடைவாசல் கண்ணாடி எல்லாவற்றையும் தன்னுடைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கீறல் விழாமல் இறக்கிக் கொடுப்பது அவர் தொழில். இறக்கியதைச் சட்டத்தில் பொருத்துவது அவருடைய மருமகன் தொழில். மகளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மருமகன் மாமனாரோடு ஒரே வண்டியில்தான் போய்வருகிறார். மாமனார் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், மருமகன் பின்னால் கண்ணாடியைப் பிடித்திருப்பார்.

கண்ணாடியைப் படுக்கப் போட்டால் ஒரு குழி போதும், கதை முடிந்துவிடும். அது நின்றபடிதான் பயணம் செய்யும். அதற்காக வண்டியின் பின்பக்கத்தில் கூடாரம் போல் சாய்வான மரச்சட்டம் ஒன்றை நிறுத்தி, அதற்குக் கம்பளித் துணி சுற்றியிருந்தார்கள். அதில் கண்ணாடியைச் சாய்த்துக் கயிறு கட்டிய பிறகும் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்துக்கொண்டே வரவேண்டும். கண்ணாடி நடுங்க ஆரம்பித்தால் கைக்குத்தான் முதலில் தெரியும். உடனே அவர் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால், சின்னச் சன்னலுக்குக் கீழே உள்ள தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. எத்தனை இரைச்சலிலும் கண்ணாடிக்காரர் காதுக்கு அந்தத் தட்டு தப்பியதே இல்லை.

வண்டி பழசு. நீலம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வெயில் அந்த நீலத்தைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. இடதுபக்கக் கதவைக் கயிறு போட்டு உள்ளிருந்து கட்டவேண்டும். புகைக்குக் குறைவில்லை. ஆனாலும் தினமும் காலையில் சாவி போடுவதற்கு முன்னால் அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "கடவுளே, போற வழியில கூடவே இரு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அந்த ஸ்டியரிங்கை அவர் இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. மருமகனிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தும் கொடுத்ததில்லை.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வீட்டின் ஈரப் படிக்கட்டில் சறுக்கி விழுந்து அவருக்கு இடது முட்டி நொறுங்கிப் போனது. உள்ளே கம்பி வைத்துத்தான் நடக்க விட்டார்கள். பழைய வண்டியின் கிளட்சோ கல் மாதிரி. நாளுக்கு நாள் அதை மிதிப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. நெரிசலான தெருவில் தொடையைக் கையால் தூக்கி வைத்து மிதிப்பார். "இப்படியே மிதிச்சா காலும் போயிடும், கண்ணாடியும் போயிடும். இறங்கிடுங்க" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. இறங்கிவிட்டால், தான் யார் என்று அவருக்கே தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மருமகன் ஒரு கார்ப் பத்திரிகையோடு வந்தார். வழவழப்பான அட்டை. மலையுச்சியில் செக்கச் சிவந்த பிக்கப் ஒன்று நின்றது. பக்கத்தில் தங்கக் கோப்பை. "இந்த ஆண்டின் சிறந்த பிக்கப்" என்று பெரிய எழுத்து.

"மாமா, நம்ம பழைய வண்டிய அவங்களே எடுத்துக்குறாங்களாம். இத வாங்கிடலாமா?"

கண்ணாடிக்காரர் பத்திரிகையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "மலை மேல என்ன ஏத்தப் போச்சாம்?"

"படத்துக்காக நிறுத்தியிருக்காங்க மாமா."

"பின்னாடி காலியா இருக்கே."

"அப்பா, குறை சொல்றதுன்னா உங்களுக்குச் சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம்" என்றாள் மகள்.

மனைவி எட்டிப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டினாள். பரிசுச் செய்திக்கு அடுத்த இரண்டு பக்கமும் அதே சிவப்பு வண்டியின் விளம்பரம். "ஏங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே உக்காந்து மாப்பிள்ளைக்கு நற்சான்று எழுதின மாதிரி இருக்கே இது" என்றாள். சொன்ன பிறகுதான் தன் மாப்பிள்ளை எதிரே நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருமகனே சிரித்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. சமையலறைச் சன்னலைக் காட்டினார். அந்தச் சன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கேடயத்தை முட்டுக்கொடுத்திருந்தார்கள். வண்டி ஓட்டுநர் சங்கம் அவருக்குக் கொடுத்த கேடயம் அது. "சிறந்த ஓட்டுநர்" என்று அதில் செதுக்கியிருந்தது.

"அது எந்த வருஷம் குடுத்தாங்க தெரியுமா மாப்பிள்ள? நான் முட்டி உடைஞ்சு படுத்துக்கிடந்த வருஷம். அந்த வருஷம் முழுக்க வண்டி சும்மாதான் நின்னுச்சு, நான் தொடவே இல்ல. சங்கத்துல பாத்தாங்க. யார் மேல விபத்து இல்ல, யார் மேல புகார் இல்ல? என் மேலதான் இல்ல. கூப்பிட்டு மாலை போட்டுக் கையில குடுத்துட்டாங்க. ஊன்றுகோலோட மேடையேறி வாங்கினேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன மாமா?"

"இந்த வண்டி இப்பத்தான் பொறந்திருக்கு. இன்னும் ஒரு மழை பாக்கல, ஒரு பாரம் பாக்கல. அதுக்குள்ள சிறந்ததுன்னா? எனக்குக் குடுத்த மாதிரிதான்."

அதற்குப் பிறகும் மருமகன் விடவில்லை. இரண்டு பேரும் விற்பனை நிலையத்துக்குப் போனார்கள். பளிங்குத் தரை, குளிர்ந்த காற்று, சுவரில் அதே அட்டைப்படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வழியில் பார்த்த மற்ற இரண்டு நிறுவனக் கடைகளிலும் இதே மாதிரி ஒரு படம், இதே மாதிரி ஒரு கோப்பை. பத்திரிகையின் பெயர்தான் வேறு. "ஒரே வகுப்புல எல்லாருமே முதல் மாணவன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார் கண்ணாடிக்காரர்.

விற்பனையாளர் தங்கமான பையன், மரியாதையாகப் பேசினான். உட்கார்ந்தால் அலுப்பே தெரியாது என்றான். கிளட்ச் பூ மாதிரி என்றான். கதவை அடைத்துவிட்டால் வெளிச்சத்தம் துளிகூட உள்ளே வராது, அதற்கென்றே பத்திரிகையில் தனியாகப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்றான்.

"பாராட்டினவங்க எங்க உக்காந்து பாத்தாங்க தம்பி?"

"வண்டியிலதான் ஐயா."

"வண்டியில எங்க? முன்னாடியா, பின்னாடியா?"

பையன் சுவரிலிருந்த படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்குக் காலைல எடுத்துட்டுப் போங்க ஐயா. உங்க பாரத்தையே ஏத்திப் பாருங்க. மதியத்துக்குள்ள கொண்டாந்துடுங்க" என்று பதிவேட்டில் எழுதிச் சாவியைக் கொடுக்க ஏற்பாடு செய்தான். அதில் அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மறுநாள் மரச்சட்டத்தைப் பழைய வண்டியிலிருந்து கழற்றிச் சிவப்பு வண்டியில் கட்டினார்கள். கடையில் ஓரம் சற்றுக் கீறலானதால் ஒதுக்கி வைத்திருந்த ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி ஏற்றினார்கள். மருமகன் வழக்கம் போல் பின்னால் ஏறிக் கையை வைத்தார். கண்ணாடிக்காரர் முன்னால் ஏறினார். புது வண்டியானாலும் விடவில்லை, நெற்றியை வைத்துக் கும்பிட்டார். ஸ்டியரிங்கில் புதுத் தோலின் வாசம் வந்தது.

கிளட்சை மிதித்தார்.

முட்டியில் வலி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தார். வரவில்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார். வரவில்லை. நம்மைப் படைத்தவன் சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சுகத்தைக் கொடுப்பான், வாங்கிக்கொள்ளத் தயக்கமாக இருக்கும். அவருக்கு அப்படி இருந்தது. பத்திரிகையில் எழுதியிருந்த அந்த ஒரு வரி பொய்யில்லை.

மருத்துவமனைத் தெருவைத் தாண்டினார். சந்தை முக்கில் நின்று நின்று போக வேண்டியிருந்தது. பழைய வண்டியாக இருந்திருந்தால் அங்கேயே கண்ணில் நீர் வந்திருக்கும். இன்று தொடையைத் தூக்கி வைக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் பரிகாசம் செய்ததை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது. இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று தோன்றியது. திரும்புவதாகச் சொல்லியிருந்த இடத்தைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போனார். கேட் திறந்திருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை, கோயிலின் உள்ளறை மாதிரி அமைதி. தண்டவாளத்தின்மேல் வண்டி குதித்து இறங்கியது. இருக்கையில் அவருக்கு அது தாலாட்டு மாதிரித்தான் இருந்தது.

கேட்டைத் தாண்டியதும் எதிரே வந்த சைக்கிள்காரர் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தார். மருமகன் ஒரு கையால் முன்பக்கத்தை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தி இறங்கி ஓடினார். நிலைக்கண்ணாடியின் கீழ்மூலை உடைந்து, அங்கிருந்து மேலே வரைக்கும் விரிசல் ஓடியிருந்தது. அது சரிந்து விழாமல் மருமகன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கியிருந்தார். உள்ளங்கையிலிருந்து ரத்தம் கம்பளித் துணியில் சொட்டியது.

"தட்டினேன் மாமா. சந்தை முக்கு தாண்டினதுலேருந்து தட்டிக்கிட்டே வந்தேன். ஒண்ணு தட்டினேன், ரெண்டு தட்டினேன். அப்புறம் எண்ணவே இல்ல."

கண்ணாடிக்காரர் ஏறிக் கண்ணாடியைச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து மருமகன் கையைக் கட்டினார். 

"ஆழமில்ல மாமா. வெறும் தோல்தான்."

"பேசாம இருங்க."

"பின்பக்கம் ரொம்ப முரடா இருக்கு. ஒரே ஒரு கண்ணாடி வச்சா தூக்கித் தூக்கிப் போடுது. மூட்டை மூட்டையா ஏத்தினா அடங்கும்னு நினைக்கிறேன். நம்ம பாரம் அதுக்குப் போதல." கொஞ்சம் நிறுத்தி, தயங்கிச் சொன்னார்: "ஆனா வாங்கிடலாம் மாமா. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ஒரு மணி வச்சுக்கலாம். கிளட்ச் எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வியில் கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. மலையுச்சிப் படத்தையும் தங்கக் கோப்பையையும் பார்த்து மயங்கியவர் இல்லை இவர். பின்னாலிருந்து இத்தனை நாளும் மாமனார் தொடையைத் தூக்கி வைப்பதைச் சின்னச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். இறங்குங்கள் என்று சொல்ல வாய் வராமல், மிதிக்க லேசான வண்டி எது என்று பத்திரிகை பத்திரிகையாகத் தேடியிருக்கிறார்.

"எனக்காகவா மாப்பிள்ள?"

மருமகன் மறு கையால் சட்டத்தின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"கிளட்ச் நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். முட்டியையே மறந்துட்டேன். முட்டிய மறந்தேன், கூடவே பின்னாடி நீங்க இருக்கறதையும் மறந்துட்டேன்." துண்டின் முடிச்சை இறுக்கினார். "பரிசு குடுத்தவங்களும் பொய் சொல்லல போலிருக்கு. முன்னாடி உக்காந்தாங்க, சுகமா இருந்துச்சு, எழுதிட்டாங்க. பின்னாடி ஒருத்தன் தட்டுவான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானே அப்படித்தான் ஓட்டினேன்."

"மணி வச்சா கேக்கும் மாமா."

"மணி வைக்கலாம். ஆனா இன்னிக்கு நான் கேக்காம போனதுக்குக் கதவு பாதி காரணம்தான்."

உடைந்த கண்ணாடியை அங்கேயே வண்டியோரம் சாக்கில் சுற்றிப் பத்திரமாகக் கட்டினார்கள். திரும்பும்போது கண்ணாடிக்காரர் நடை வேகத்துக்குத்தான் ஓட்டினார், சன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தலையை வெளியே சாய்த்துக்கொண்டு. விற்பனைப் பையனிடம் சாவியைக் கொடுத்து, சிந்திய ரத்தத்தைத் தானே துடைத்துக் கொடுத்தார்.

"பிடிக்கலையா ஐயா?"

"உன் வண்டி மேல எனக்கு வருத்தமில்ல தம்பி. அது ஒரு வருஷம் ஓடட்டும். எங்கள மாதிரி யாராவது வாங்கி ஓட்டினா அவங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்."

வீட்டில் மகள் மருந்து வைத்துக் கட்டும்போது அழவும் செய்தாள், திட்டவும் செய்தாள். யாரைத் திட்டுகிறாள் என்பது யாருக்கும் புரியவில்லை. மூன்று பேரையும்தான் இருக்கும்: அப்பாவை, புருஷனை, அந்தக் கோப்பையை. கண்ணாடிக்காரர் எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் மருத்துவர் சொன்னதை வீட்டில் சொன்னார். மனைவி மருந்துச் சீசாவை மூடிவைத்தாள். பிறகு, "எனக்குத் தெரியும். ராத்திரியில முட்டிய பிடிச்சுக்கிட்டுத் தூங்கறீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

மருமகன் கை ஆறும்வரை வேலைக்குப் போகவில்லை. ஆறிய பிறகு ஒரு காலையில், நகர மன்றத்துக்குச் சன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தார்கள். மருமகன் வழக்கப்படி பின்னால் ஏறக் காலைத் தூக்கினார். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து பழைய வண்டியின் சாவியை எடுத்து நீட்டினார்.

"மாமா, இது..."

"முன்னாடி ஏறுங்க மாப்பிள்ள. கதவக் கயிறு போட்டுக் கட்ட மறந்துடாதீங்க. என்னைப் பின்னாடி ஒரு கை தூக்கி விடுங்க."

முட்டியை நீட்டி உட்கார வசதியாக ஒரு மரப்பெட்டியைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். முன்னால் மருமகன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்ப்பது சின்னச் சன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இன்று தன் பங்குக்கும் சேர்த்து அந்த மனுஷன் கும்பிடட்டும் என்று விட்டுவிட்டார்.

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. முதல் குழிக்கு முன்னாலேயே கண்ணாடிக்காரர் தகரத்தில் ஒரு தட்டு தட்டினார்.

உடனே வேகம் குறைந்தது.