முதல் பெஞ்சில் இருந்த பிள்ளை

பி.எட். என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஓவேலிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடம். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த என்னைக் கற்பித்தல் பயிற்சிக்கு அங்கே போட்டிருந்தார்கள். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். யானை பயத்தில் வெயில் ஏறியபிறகே வீட்டைவிட்டுக் கிளம்பும் ஊர் எனக்குப் புதுசு.

செய்முறைத் தேர்வு நாள். எட்டாம் வகுப்புக்கு 'விதை பரவுதல்' நடத்த வேண்டும். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் வகுப்புக்குள் நுழையும்போது தலைமையாசிரியை என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தார். முகம் வெளுத்திருந்தது.

"முதல் பெஞ்சுப் பிள்ளையோட அப்பாவ யானை அடிச்சிருச்சுங்க. விறகுக்குப் போன இடத்துல. ஆள் போயிட்டாரு. அவ மாமா வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் வாயத் தொறந்துடாதீங்க."

"நான் எப்படிங்க மேடம் பாடம் நடத்துவேன்?"

"நடத்துங்க. நீங்க அழுதா அவளுக்குத் தெரிஞ்சிரும்."

நடத்தினேன். காற்று, தண்ணீர் என்று வேகவேகமாகச் சொன்னேன். விலங்குகள் மூலம் பரவுவதை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் யானையையும் சேர்த்து நானே வரைந்த சார்ட் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்து அந்த முதல் பெஞ்சுப் பிள்ளையே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், யானைச் சாணியில பலாக் கன்னு முளைக்கும். எங்கப்பா காட்டியிருக்காரு."

"சரிதாம்மா" என்றேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே மறுபடி எழுதினேன்.

வகுப்பு முடிவதற்குள் மாமா வாசலில் வந்து நின்றார். அவள் எதற்கென்று கேட்காமல் பையை மாட்டிக்கொண்டு, எனக்கு 'டாட்டா' காட்டிவிட்டுப் போனாள்.

பேராசிரியர் எழுந்து வந்தார். "மாணவரோட சொந்த அனுபவத்திலிருந்து பதிலை வரவழைச்சீங்க பாருங்க, அருமை" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேராகப் போய் ஜீப்பில் ஏறிவிட்டார். பிறகு எனக்கு வந்த மதிப்பெண் எங்கள் பி.எட். வகுப்பிலேயே அதிகம். அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

பயிற்சி முடிந்து கிளம்புகிற அன்று தொழிலாளர் வரிசையில் இருந்த அந்தப் பிள்ளையின் லைன் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது.

"தாயும் பிள்ளையும் திருப்பூர் போயிட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. "பனியன் கம்பெனியில வேலையாம். பிள்ளைய ஸ்கூல்ல சேர்த்தாங்களோ என்னமோ."