காலேஜ் என்றால் ஒரு படி கீழே

டெக்சாஸில் என் மகள் டாக்டராக ஆசைப்பட்டபோது, ஒரு பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்திலும் ஒரு சின்னக் கல்லூரியிலும் அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்து ஊரான பேர்லேண்டில் உள்ள கோவிலில் புளியோதரைத் தட்டோடு ஒரு நண்பர் தீர்ப்பு சொன்னார்.

"காலேஜுன்னா ஏதோ ஒரு யூனிவர்சிட்டிக்குக் கீழதானே சார்? நேரா யூனிவர்சிட்டியிலயே சேத்துடுங்க."

நம் ஊரில் அப்படித்தான். விசா முதல் குடியுரிமை வரை எல்லா நடைமுறையும் அறிந்த நானும் உள்ளூர அதையே நினைத்தேன். ஆனால் அமெரிக்காவில் சின்னக் கல்லூரியும் தானே பட்டம் தரும்; அந்தப் பட்டத்துக்குப் பிறகு சேரும் மருத்துவக் கல்லூரிகள், மாணவரை நன்கு அறிந்த பேராசிரியர்களின் பரிந்துரையைக் கேட்கும். என் மகளோ வகுப்பில் கை தூக்காதவள்.

இரண்டையும் பார்க்கப் போனோம். பல்கலைக்கழகத்தின் வேதியியல் வகுப்பு சினிமாக் கொட்டகை அளவு இருந்தது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். கல்லூரியில் பேராசிரியையே ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார். வீட்டில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் பெண், அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

காரில் ஏறியதும், "அப்பா, ஐ வான்ட் திஸ் ஒன். ஆர் யூ மேட் அட் மீ?" என்றாள்.

"இல்லம்மா. கோவில்ல அங்கிள் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

"ஹி இஸ் நாட் கோயிங், அப்பா. ஐ ஆம்."

வீடு வரும்வரை அவள் அந்த ஆய்வகத்தைப் பற்றியே பேசினாள். பரிந்துரையைப் பற்றிய கவலை எனக்கு வழியிலேயே தீர்ந்துவிட்டது.