தைப்பிங்கிலிருந்து வந்தவர்

எனக்கு நினைவு தெரிந்தபோது நாங்கள் மலேயாவில், தைப்பிங் என்ற ஊரில் இருந்தோம். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், வெள்ளைக்காரர் பட்டாளத்தில் ஹவில்தார். பொதி சுமக்கும் கோவேறு கழுதைகள் அவர் பொறுப்பு. சிப்பாய்களின் குடும்பங்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளை லைன் என்பார்கள். எங்கள் லைனுக்குப் பின்னால் ஒரு மலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த மலை காணாமல் போகும். சற்று நேரத்தில் மழை வரும். அநேகமாக தினமும் அப்படித்தான்.

அந்த ஊரை நினைத்தால் முதலில் வருவது ஈரத்துணி வாசனை. அம்மா வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி நைனாவின் காக்கிச் சட்டைகளைக் காயப்போட்டிருப்பாள். நான் அவற்றுக்கு அடியில் படுத்து, தொங்கும் கைகளைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். மழை விட்டதும் நைனா கழுதைகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிப்போவார். என்னைத் தூக்கி ஒன்றின் முதுகில் வைப்பார். அவர் மீசை என் கன்னத்தில் உரசும். சாலையோரத்துப் பெரிய மரங்களிலிருந்து மிச்ச மழை எங்கள் மேல் சொட்டிக்கொண்டே வரும். அதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நான் பிறகு கனவில் சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சண்டை அந்தப் பக்கமும் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் நைனா எங்கள் இருவரையும் பினாங்கில் கப்பலேற்றினார்.

"அண்ணன் வூட்ல இருங்க. பின்னாலயே வந்துர்றேன்" என்றார்.

அவர் அண்ணன், என் பெரிய நைனா, திருத்தணியில் விவசாயம் செய்துகொண்டிருந்தார். ரயிலை விட்டு இறங்கிய காலையில் நான் கண்டது மலையைத்தான். இங்கும் ஒரு மலை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வாசலில் போய் உட்கார்ந்து மழைக்காகக் காத்திருந்தேன். வெயில்தான் அடித்தது. தெருப்பிள்ளைகள் என்னைக் 'கப்பல்காரி' என்று கூப்பிட்டார்கள். என் பேச்சில் பாதி இந்துஸ்தானி இருந்தது.

இந்த மலையின் மறுபக்கம் இறங்கினால் எங்கள் லைன் இருக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். ஒரு கிருத்திகையன்று பெரிய நைனா என்னைப் படியேற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் நான் ஓடிப்போய் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தேன்.

"இன்னாம்மா தேடுற?" என்றார்.

"எங்க வூட்ட."

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கித் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டார். "நல்லா பாரு" என்றார். ஏரி, கரும்பு, ஆந்திரப் பக்கத்துக் குன்றுகள். அவற்றுக்கும் அப்பால் வெள்ளையாக ஏதோ புகைந்துகொண்டிருந்தது. அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதன்பின் நைனாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பெரியம்மாவோடு வயலில் இறங்கினாள். பட்டாள லைனில் செருப்போடு நடந்தவளுக்குச் சேறு பழகக் கொஞ்ச காலம் பிடித்தது.

வருஷங்கள் போயின. ஒருநாள் உறவுக்காரர்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் எத்தினி நாளுக்குப் பூவும் பொட்டுமா இருக்கும்? ஊரு பேசிகினு இருக்குதுங்க."

பெரிய நைனா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது பெரியம்மாதான்.

"பொணத்தப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா இட்டுகினு வாங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

மறுநாளிலிருந்து பெரியம்மாவே பூ வாங்கினாள். அம்மாவைத் தன் முன்னால் உட்காரவைத்துத் தலையில் வைத்துவிட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சண்டை முடிந்தபின் சிப்பாய்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். எங்கள் வயல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நான் கூழ்த்தூக்கோடு ஸ்டேஷன் வழியாகப் போகும்போதெல்லாம், காக்கி உடுத்தவர் யாரைக் கண்டாலும் ஒரே கேள்வி கேட்பேன். ஐப்பசி மாதத்து மூட்டமான ஒரு காலையில், ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீசை இல்லை. சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல அவ்வளவு மெலிவு. ஊருக்குள் போகாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தைப்பிங்லருந்து வரீங்களா? எங்க நைனாவப் பாத்தீங்களா?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"எப்டி இருப்பாரு?"

"ஒசரமா இருப்பாரு. மீச இருக்கும். என்னிய ஒரே கையால தூக்கிக் கழுத மேல வெப்பாரு."

"உங்கம்மா?"

"கயனில நாத்து நட்டுகினு இருக்குது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பூ வெக்கிதா?"

"ஆங், வெக்கிது. பெரியம்மா தெனம் வாங்கியாந்து வெச்சிவுடும்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். உடம்பு சரியில்லையோ என்று நினைத்து, தூக்கைத் திறந்து மூடியில் கூழ் ஊற்றிக் கொடுத்தேன். மெதுவாகக் குடித்தார். பிறகு, "நானும் அந்தப் பக்கந்தான் வரேன்" என்று எழுந்தார். வரப்பில் நான் முன்னால் நடந்தேன். வழியெல்லாம் எங்கள் நைனாவைப் பற்றியே அவரிடம் பேசிக்கொண்டு போனேன்.

அம்மா நாற்றுமுடியோடு நிமிர்ந்தாள். பெரியம்மா ஏதோ சத்தம் போட்டாள். அம்மா அழவும் இல்லை, ஓடிவரவும் இல்லை. நாற்றை அப்படியே நீரில் வைத்தாள்.

"இருங்க. கால் கழுவிகினு வந்துர்றேன்" என்றாள்.

வாய்க்காலில் அவள் கால் கழுவிய நேரம் முழுவதும் அவர் வரப்பில் நின்றிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கப்பட்டுப் பெரியம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜப்பான்காரன் அடைத்துவைத்திருந்த சிறை முகாமைப் பற்றி நைனா எங்களிடம் பேசியதில்லை. கழனி வேலைக்குத் திரும்பினார். சாப்பிடும்போது தட்டைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வெகுநாள் இருந்தது. அவரோடு வழியெல்லாம் அத்தனை பேசிய எனக்கு, வீட்டுக்குள் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. மாதக்கணக்கில் அவரைக் கூப்பிடாமலே சமாளித்தேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு மலையேறினோம். நைனா திரும்பி வர வேண்டிக்கொண்டபடி அவரும் பெரிய நைனாவும் மொட்டை போட்டுக்கொண்டார்கள். கூட்டம் நெருக்கியது. பூக்காவடிகள் தலைக்குமேல் ஆடி ஆடிப் போயின. அம்மாவின் கை நழுவிவிட்டது. எனக்கு முன்னால் சந்தனம் பூசிய இரண்டு மொட்டைத் தலைகள். பின்னாலிருந்து பார்த்தால் யார் எவர் என்றே தெரியவில்லை.

"நைனா" என்று கூப்பிட்டேன்.

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பெரிய நைனா என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு முன்னே நடந்துவிட்டார். நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.