எங்கே தடவுவது?

வேலூரில் ஒரு மருத்துவமனை வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் சரிபார்ப்பவர். பேசிக்கொண்டே என் கைப்பையின் தையலைக் கட்டைவிரலால் நீவிக் குறை கண்டுபிடித்தார். மாதவிடாய் நின்றபின் அவருக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று. அதைத் தடுக்கத் தந்த ஹார்மோன் க்ரீமைத் தவறாமல் தடவியும் மறுபடி எரிச்சலாம்.

“எங்கே தடவினீங்க?”

“அடிவயித்துலதான். ‘அங்க தடவுங்கம்மா’ன்னு டாக்டரு ஃபேனப் பாத்து சொன்னாரு.”

புத்தகம் எழுதிப் பிழைக்கும் நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முணுமுணுத்தேன்: “யோனிக்குள்ளே.”

“இத சொல்றதுக்கு அந்தாளுக்கு இன்னா கேடு? மாசக்கணக்கா வயித்துல பூசினு இருந்தேன். நீயும் இன்னாத்துக்குமா குசுகுசுன்னு பேசற?”

அவர் முறை வந்தது. கதவைச் சாத்தாமலே உள்ளே போய், அந்தச் சொல்லை டாக்டர் வாயால் சொல்லச் சொன்னார். சொல்லும்வரை உட்காரவில்லை. வரிசையில் இருந்த பெண்கள் யாரும் அந்தக் கதவைச் சாத்த எழுந்திருக்கவில்லை.