குளியலறைக் கதவை அடைத்த வாஷிங் மெஷின்

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வாரத்தில் ஆறு நாளும் நன்றாக ஓடுகிற இயந்திரங்களோடு இருப்பார். அந்தச் சலிப்பிலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கெட்டுப்போன இயந்திரங்கள் தேவைப்பட்டன. காயலான் கடைக்காரர்கள் பழைய சாமானை உடைப்பதற்கு முன்பு அவருக்கு ஆள்விட்டுச் சொல்வார்கள். மேனாம்பேட்டில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக நாங்கள் வாடகைக்கு இருந்த இடத்தில், சுற்றாத ஃபேனும் சூடாகாத இஸ்திரிப் பெட்டியும் சூடு மட்டுமே ஆகிற ரேடியோவும் எங்களோடு குடித்தனம் செய்தன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஒரு வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. மூடி இல்லை. நான்கு காலில் ஒன்று இல்லை. திருகி நேரம் வைக்கிற இடத்தில் ஓட்டை.

"எவனோ பெரிய ஊட்டுக்காரன் தூக்கிக் கடாசிட்டான்மே. மோட்டாரு சோக்கா கீது" என்றார்.

"சோக்கா கீறத இன்னாத்துக்குக் கடாசினான்?"

"புச்சு வாங்கிட்டான்."

அவர் உலகத்தில் ஒரு சாமான் கெட்டுப்போவதே கிடையாது. சொந்தக்காரன்தான் பொறுமை இழந்துவிடுவான்.

சில ஞாயிறுகளில் மெஷின் உருப்பெற்றது. மூடிக்கு எண்ணெய் டின்னை வெட்டிய தகரம். காலுக்கு ஒரு மரக்கட்டை. ஓட்டையில் சாதாரண விளக்கு சுவிட்ச். பிளக் கிடையாது, ஒயரின் இரண்டு முனைகளையும் சுவரில் இருந்த துளைகளில் செருகித் தீக்குச்சியால் இறுக்கிவிட்டார். பிழிகிற பாகம் பெரிய வீட்டிலேயே செத்துப்போயிருந்ததால் பிழிவது என் பொறுப்பு. எங்கள் பக்கம் குழாய் இல்லை. தெருப் பம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றுவதும் நான்தான். அலசுவதற்கு மறுபடி சுமக்க வேண்டும். இவ்வளவையும் நான் செய்து கொடுத்துவிட்டால் மீதி வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

வெள்ளோட்டத்துக்கு அக்கம்பக்கம் முழுக்க வந்துவிட்டது. முன்பக்கத்தில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா தன் கணவரின் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, "இதையும் போடும்மா, எப்டி வெளுக்குதுன்னு பாப்போம்" என்று கொடுத்துவிட்டு, டிவியில் படம் பார்க்கப் போய்விட்டாள். குளியலறைக்கு எதிரே நடையில் மெஷினை வைத்து, துணிகளைப் போட்டு, என் வீட்டுக்காரர் சுவிட்சைத் தட்டினார். உறுமிக்கொண்டு சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனிமே அது பாத்துக்கும். நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்று துண்டோடு உள்ளே போனார்.

அவர் தாழ் போட்டதும் மரக்கட்டை நழுவியது. மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து, உதறிக்கொண்டு, சின்னச் சின்ன அடி வைத்து நடக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டன. வெளிப்பக்கம் திறக்கிற அந்தத் தகரக் கதவில் போய் இடித்து நின்று, தடதடவென்று தட்டியது.

"யாரது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"மெஷினு" என்றேன்.

தாழை நீக்கிக் கதவைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை.

"கதவாண்ட வந்து நின்னுகினு கீது. நிறுத்தட்டா?"

"வாணாம், வாணாம்! நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆவாது."

"நீ எப்டிய்யா வெளிய வருவ?"

"அத்த வுடு. பெல்ட்டு சவுண்டு எப்டி கீது? கிறீச்சுனு கேக்குதா?"

அதற்குள் ஒயர் இழுபட்டு, தீக்குச்சிகளுக்கு நடுவே பொறி பறந்தது. நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். மெஷின் நின்றது. மொத்த வீடும் நின்றது. வீட்டுக்கார அம்மா பாய்ந்து வந்தாள்.

"இன்னாம்மா இது? சரியா தாலி கட்டற நேரத்துல கரண்ட்ட புடுங்கிட்ட!"

தண்ணீரோடு இருந்த மெஷினை எங்களால் அசைக்க முடியவில்லை. தண்ணீரை வெளியே விடுகிற குழாய் கதவுக்கும் மெஷினுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. மொண்டுதான் ஊற்ற வேண்டும். மொள்ளுகிற கப் அவரிடம் இருந்தது. கதவுக்கு மேலே இருந்த இடைவெளியில் அவர் கை மட்டும் தெரிந்து, கப்பை நீட்டியது. நான் மொண்டு மொண்டு ஊற்ற, அவர் உள்ளேயிருந்து, "மோட்டார் மேல படாம ஊத்தும்மே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வீட்டுக்கார அம்மாவும் என்னோடு சேர்ந்து தள்ளினார்கள்.

துண்டோடு வெளியே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து மோட்டாரில் கை வைத்தார்.

"பாரு, சூடே ஆவல!"

கூட்டத்துக்கு நடுவே வெட்கமில்லாமல் அப்படி மலர்ந்துபோய் நின்றார். காதில் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

வேட்டி என் சிவப்பு ரவிக்கையோடு சுற்றியதில் பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு போன அந்த அம்மாவின் கணவரை, எந்தக் கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறீர்கள் என்று தெருவில் கேட்டார்களாம். இனி அந்த மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவாகிவிட்டது.

அவர் மனசில்லாமல் மோட்டாரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். காலியான மெஷினை நான் நடையிலேயே ஓரமாக வைத்துக்கொண்டேன். கோடையில் பம்பு வறண்டு தண்ணீர் லாரி வர ஆரம்பித்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. எங்கள் வீட்டில் இருந்த எந்தப் பாத்திரமும் அவ்வளவு தண்ணீர் பிடிக்காது. மூடி இருந்தது. வேண்டும்போது தாழ்த்தித் தண்ணீர் பிடித்துக்கொள்ளக் குழாயும் இருந்தது. மோட்டார் போன பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கியது.

லாரி வராமல் போன ஒரு நாள் வீட்டுக்கார அம்மா குடத்தோடு வந்து நின்றாள்.

"உங்க மெஷின்ல ஒரு குடம் புடிச்சிக்கட்டா?"

நான் குழாயை எடுத்து அவள் குடத்துக்குள் விட்டேன்.