செக்காலையில் ஒரு சிங்கப்பூர்

காரைக்குடி செக்காலையில் ஒரு சந்துக்குள் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். மூன்று பேர் குடியை விட்டவர்கள். என்னையும் சேர்த்து இரண்டு பேருக்கு மனநோய். எனக்குக் காதுக்குள் ஆட்கள் பேசுவார்கள், மாத்திரை போட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். மறுவாழ்வு மையத்தில் கொஞ்ச நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அந்தக் கெடு கிடையாது. முறை வைத்துச் சமைத்து, ஒருவர் கண்முன்னால் ஒருவர் மாத்திரை விழுங்கி, பகலில் வேலைக்குப் போய்வந்து வருஷக்கணக்காக இருக்கலாம். காலையில் ஒரு அக்கா வந்து எல்லாரையும் விசாரித்துவிட்டுப் போவார்.

எங்களில் மூத்தவர் நாச்சியாபுரத்து அண்ணன். நான்கு வருஷமாகச் சொட்டுக்கூடத் தொடாதவர். ஆனால் ஊரைப் பொறுத்தவரை அவர் சிங்கப்பூரில் இருந்தார். உண்மையைச் சொன்னால் மகளுக்கு வரன் அமையாது என்று வீட்டார் கட்டிவிட்ட கதை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளை கண்ணில் படவில்லையா, சிங்கப்பூர் என்று சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். அந்தச் சிங்கப்பூர்க்காரர் சொந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

துபாயில் இருந்து வந்த மாப்பிள்ளையோடு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வந்தது சிக்கல். பெற்றவர் வந்து தாரை வார்க்க வேண்டும். அண்ணனுக்கும் அது ஒன்றுதான் ஆசை. "அவ கைய நான் புடிச்சுக் குடுத்துட்டாப் போதும்டா தம்பி" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

கல்யாணத்தன்று காலையில் அவருடைய மச்சினன் காரில் வந்து இறங்கினார். கையில் பெரிய பெட்டி. விமானத்தில் கட்டிவிடும் சீட்டை யாரிடமோ கேட்டு வாங்கி அதில் தொங்கவிட்டிருந்தார். உள்ளே கோடாலித் தைலம், சோப்பு, சாக்லேட், எல்லாம் காரைக்குடியிலேயே வாங்கியவை. அத்தோடு விட்டாரா மனுஷன்? தனிப் பையில், துண்டில் சுற்றி இரண்டு வெளிநாட்டு விஸ்கி பாட்டில்.

"மச்சான், சம்பந்தி வாயத் தொறந்தே கேட்டுட்டாரு. சிங்கப்பூர்ல இருந்து வாரவரு வெறுங்கையோட வந்தா நல்லாவா இருக்கும்? நீங்க குடிக்க வேணாம், ஒங்க கையால குடுத்தீகன்னாப் போதும்."

அக்கா வாசலை மறித்துக்கொண்டார். "அது இந்தப் படியத் தாண்டக் கூடாது. இந்த மனுசன் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா?"

பாட்டில்கள் காருக்குத் திரும்பின. எனக்கு வந்த ஆத்திரத்தில் மச்சினனை நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஆனால் நான் அடித்தால் அதற்குப் பெயர் கோபம் இல்லை, வியாதி. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனுக்குத் துணையாக ஏறி உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தார்கள்: சிங்கப்பூர் சூப்பர்வைசர்.

கார் திருச்சி ரோட்டில் திருமயம் வரை போய்த் திரும்பியது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வருகிறோமாம்! பார்ப்பதற்கு வழியில் ஈ காக்காய் இல்லை. அண்ணனின் காலடியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவர் காலை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஒக்கூர் கல்யாண மண்டபத்தில் ராஜ மரியாதை. அவர் குடித்துக் கிடந்தபோது காறித் துப்பிய சொந்தமெல்லாம் "எப்ப வந்தீக? எளச்சுட்டீகளே!" என்று சூழ்ந்துகொண்டது. சிங்கப்பூர் எப்படி என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் "வெக்கைதான்" என்றேன். அண்ணன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது பொலபொலவென்று அழுதார். நானும் அழுதேன்.

தாலி ஏறிய கையோடு சம்பந்தி வந்து அண்ணனின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பையோடு நானும் போனேன். சம்பந்தியின் மனைவியும் பின்னாலேயே வந்தார்.

"என்ன சம்பந்தி, கொண்டாந்தீகளா?"

அண்ணன் என் கையிலிருந்து இறங்காத அந்தப் பையைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"அது என்னோடது இல்ல சம்பந்தி. நான் சிங்கப்பூரே போகல. குடிய விட்டவக இருக்குற வீடு ஒண்ணு செக்காலையில இருக்கு. அங்கதேன் இருக்கேன். நாலு வருசமாச்சு."

சம்பந்தி தோளிலிருந்து கையை எடுத்தார். "இத மொதல்லயே சொல்லிருக்கணும்ல? எங்க குடும்பத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?" என்று முறைத்துவிட்டு, என் கையிலிருந்த பையை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவி நகரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அண்ணே, அந்த வீட்டுல இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா?"

"கேட்டுச் சொல்றேம்மா. ஒங்க வீட்டுக்காரருக்கா?"

"அவரு கெடக்காரு. இப்பத் தாலி கட்டுன மகனுக்குத்தேன். துபாய்ல இருந்தான்னு சொன்னமே, அது மதுரை ஆஸ்பத்திரிண்ணே."

அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையிலிருந்து அவர் மகள் எங்களைப் பார்த்துச் சிரித்து, போட்டோவுக்கு வரச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.