குடத்தின் கழுத்தில் இருந்த பெயர்

எனக்குக் கல்யாணம் ஆனபோது அம்மா ஒரு பித்தளைக் குடம் கொடுத்தாள். கிருஷ்ணகிரியில் பாத்திரக் கடையில் வாங்கியது. கடைக்காரன் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, குடத்தின் கழுத்தில் என் பெயரை வெட்டிக் கொடுத்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் பெயர் போட்ட பொருள் என்று என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

புருஷன் செத்த பிறகு மகளோடு ஓசூருக்கு வந்தேன். கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை. ஒற்றை அறை. இரண்டு பேர் படுத்தால் கால் நீட்ட இடம் இல்லை. குடத்தைக் கெலவரப்பள்ளிப் பக்கம் தம்பி வீட்டில் வைத்தேன். மகள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் வைத்தேன்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் போய்த் தேய்ப்பேன். என் குடத்தை மட்டும் தேய்த்தால் நன்றாக இருக்காது. தம்பி வீட்டு அண்டா, சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் என் தலையில்தான் விழும். புளியும் உப்பும் போட்டுத் தேங்காய் நாரால் ஒரு தடவை, செங்கல் பொடி போட்டு ஒரு தடவை. புளி எழுத்துக்குள் போய் உட்காரும். விட்டால் பச்சை பூத்துவிடும். ஈர்க்குச்சியால் ஒவ்வொரு புள்ளியாகக் கிளறி எடுப்பேன்.

ஆடி முடிந்ததும் மகளுக்கு நிச்சயம் ஆனது. குடத்தை எடுக்கப் போனேன்.

வாசலில் பாத்திரமெல்லாம் பளபளவென்று அடுக்கியிருந்தது. தம்பி, குழாய் செய்கிற கம்பெனியில் மெருகு ஏற்றுகிற பஃபிங் மிஷினில் நிற்பவன்.

"பாத்தியாக்கா? கண்ணாடியாட்டம் இருக்குதா? மிஷின்ல போட்டு எடுத்தேன். இனி நீ புளி கரைக்கவே வேணாம்."

குடத்தைத் திருப்பினேன். கழுத்தில் என் பெயர் இல்லை. அந்த இடத்தில் அவன் மகளின் பெயர் புதிதாக வெட்டியிருந்தது.

"இது என் கொடம்டா."

தம்பி வாயைத் திறந்தான். அவன் பொண்டாட்டி ஆனேக்கல்காரி. "சும்னிரு" என்று கன்னடத்தில் அடக்கினாள். எனக்குக் கன்னடம் புரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"எத்தன வருஷமா இங்கியே கெடக்குதுக்கா. உங்க பொண்ணு போறது பெங்களூரு ஃபிளாட்டு. அங்க இத எங்க வெப்பா, லிஃப்ட்லயா?"

தம்பி சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"உன் பொண்ணுக்கு எவர்சில்வர்ல நல்லதா எடுத்துத் தரேன்க்கா. தேய்க்கிற வேலையே இல்ல."

"பேர எதுக்குடா அழிச்ச?"

"மிஷின்ல போட்டா அதுவா போயிடும்க்கா."

பக்கத்திலேயே குத்துவிளக்கும் அதே பளபளப்போடு நின்றது. அதன் அடியில் அவன் மாமியார் பெயர் அப்படியே இருந்தது. பார்த்தேன்.

எழுந்தேன்.

"வந்தது வந்தீங்க. இந்தக் கொடத்த ஒரு தேய் தேய்ச்சுட்டுப் போங்க. மிஷின் மசி கழுத்தோரம் ஒட்டிக்கிட்டுப் போவவே மாட்டேங்குது. அடுத்த வாரம் பாப்பாவுக்குச் சடங்கு. அத்தை நீங்கதான தண்ணி ஊத்தணும்" என்றாள்.

அத்தை நான்தான். வேறு யாரும் இல்லை. உட்கார்ந்து தேய்த்தேன். மசி போனது. என் பெயர் இருந்த இடத்தில் தகடு மெலிந்திருந்தது, விரலுக்குத் தெரிந்தது. புதிய எழுத்துக்குள் புளி போய் உட்கார்ந்தது. ஈர்க்குச்சி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை. மேலாகத் தண்ணீர் விட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

"விடும்மா, ஒரு கொடத்துக்கா சண்ட?" என்றாள் மகள்.

சடங்கன்று அந்தக் குடத்திலிருந்துதான் மொண்டு பிள்ளையின் தலையில் ஊற்றினேன். எழுத்தெல்லாம் பச்சை பிடித்திருந்தது. தம்பி பொண்டாட்டி முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. எப்படிப் போகும் என்று என்னைக் கேட்கவும் இல்லை.

மகள் கல்யாணத்துக்குத் தம்பி சொன்னபடி எவர்சில்வர் குடம் கொண்டுவந்தான். கழுத்தில் அன்பளிப்பு என்று போட்டு, அவன் பெயரும் அவன் பொண்டாட்டி பெயரும் வெட்டியிருந்தது.